தினம் ஒரு ‘செட்’ மாத்திரை, தீராத தலைவலி

கேள்வி: நான் 38 வயதுப் பெண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு வருடமாக ஒற்றைப் பக்கத் தலைவலி. வருவதற்குச் சற்று முன் கண்ணெதிரே வளைவு வளைவாக மின்னும். சைனஸ் என்றார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளித்தேன். ஒரு வருடமாக அநேகமாகத் தினமும் வலி. மூளையில் கட்டி இருக்குமோ? ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: ஆறு வருடமாக ஒரே மாதிரி வந்து போகும் வலி கட்டியாக இருப்பது மிக அபூர்வம். நரம்பு டாக்டர் ஒருவர் கண்ணின் உட்புறத்தைப் பார்த்து, கை கால் பலத்தைச் சோதித்து, குறையில்லை என்று சொன்னால் ஸ்கேன் தேவைப்படாது. தலைவலி என்றதும் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிற பழக்கமும், அனுப்பி வைப்பவருக்குப் பங்கு போகிற பழக்கமும் நம் ஊரில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்து ‘நார்மல்’ என்ற காகிதத்தோடு திரும்புவீர்கள், வலி அப்படியே இருக்கும்.

உங்களுக்கு இருப்பது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அந்த மின்னல் கோடுகளே அதைச் சொல்கின்றன. மைக்ரேன் வந்தால் பலருக்கு மூக்கடைப்பு, கண்ணில் நீர் எல்லாம் வரும். அதனால்தான் சைனஸ் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த ஏறத்தாழ 3000 பேரில் 88 சதவீதத்தினருக்கு மைக்ரேன் வகை வலிதான் இருந்தது. சாயங்காலம் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல இருபுறமும் இறுக்கும் வலி வேறு, அது இறுக்கத் தலைவலி.

சரி, எப்போதோ வந்த வலி தினமும் வரக் காரணம்? பெரும்பாலும் அந்த மாத்திரைகள்தான். நோயாளிகளிடம் கைப்பையைக் கொட்டச் சொல்வேன். சின்னக் காகித உறைக்குள் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என மூன்று நான்கு உதிரி மாத்திரைகள் விழும். இதுதான் மெடிக்கலில் கொடுக்கிற ‘செட்’. அட்டையாகக் கொடுத்தாலும், பெயரும் சிவப்புக் கோடும் வெட்டுப்பட்ட இரண்டு மாத்திரைத் துண்டுதான் கிடைக்கும். அந்தச் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம். சட்டம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. ஓ.பி.யில் இரண்டு நிமிடம் பேச மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்றால், ஷிப்ட் முடிந்து வருகிற பெண் மெடிக்கலுக்குத்தானே போவாள்?

பாராசிட்டமால் மட்டும் என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ எர்கோட்டமின் என்ற பழைய மைக்ரேன் மருந்து கலந்ததோ என்றால் 10 நாளோ அதற்கு மேலோ சாப்பிடுவது ஆபத்து. மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் மாத்திரையே வலியை வரவழைக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதல் பத்து நாள் வலி கூடும், வாந்தி வரும், தூக்கம் கெடும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. வலி வராமல் தடுக்கவே பிராப்ரனலால் போன்ற விலை குறைந்த பழைய மருந்துகள் உண்டு.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். மின்னல் கோடுகளோடு மைக்ரேன் வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக்கூடாது. பக்கவாத அபாயம் கூடும். உலக சுகாதார நிறுவனமே கூடாது என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. “நான் கருத்தடை மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லையே” என்பீர்கள். பீரியட்ஸ் ஒழுங்காக வரவும், சினைப்பை நீர்க்கட்டிக்கும் 21 மாத்திரை கொண்ட அட்டை கொடுக்கிறார்களே, பெரும்பாலும் அதே மாத்திரைதான்! கொடுக்கும்போது தலைவலி உண்டா என்று பலர் கேட்பதில்லை. நீங்களாகவே சொல்ல வேண்டும். கருத்தடைக்குப் போடும் காப்பர்-டியால் இந்தக் கவலை இல்லை.

இடி விழுந்ததுபோல நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, பால் கணக்குக் குறிக்கிற அதே மாதக் காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், அந்த 21 நாள் அட்டை இருந்தால் அதையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.