பழைய கம்ப்யூட்டரில் என்ன போடலாம்?

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து இதே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் கீழே.

பெரம்பூர்: சார், வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் சொல்கிறார். புதுசுதான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கடைக்காரர் சொன்னது சரிதான், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11 முறைப்படி ஏறும். குறுக்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் நாளைக்கு அப்டேட் வராமல் போனால் யாரையும் கேட்க முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள், அதிலும் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு. ஆனால் முதல் செலவு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குத்தான் ஆக வேண்டும், அது இல்லாமல் எந்த லினக்ஸ் போட்டாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கூடவே ரேமும் வாங்குவதானால், கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போகும் முன் உள்ளே இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். ஆறாம் தலைமுறை போர்டுகளில் டிடிஆர்3 வகை ரேமும் உண்டு, டிடிஆர்4 வகையும் உண்டு.

திருவல்லிக்கேணி: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபான்ட்கள், கேனன் எல்பிபி 2900 பிரிண்டர். லினக்ஸுக்கு மாறலாமா?

அந்த மெஷினில் கை வைக்காதீர்கள் அண்ணே.

உங்கள் ஃபைல்களில் இருப்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை இல்லை. ஃபான்ட் இல்லாமல் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் வரும். லினக்ஸில் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், உண்மைதான். ஆனால் வரிகள் இடம் மாறும். முகூர்த்த நேரம் அடுத்த வரிக்கு இறங்கிய பத்திரிகையை எந்த வீட்டார் வாங்குவார்கள்? அடுத்து பிரிண்டர். எல்பிபி 2900 கேனனின் சொந்த முறையில் மட்டும் பேசும், லினக்ஸில் அதை ஓட்டுவதற்குள் பலர் நொந்துபோயிருக்கிறார்கள்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுவிட்டதால், செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டிசைனும் பிரிண்டும் அதில் நடக்கட்டும். மெயில், வாட்ஸ்அப் ஆர்டர், பேங்க் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பழைய பெட்டியில் மின்ட். இரண்டுக்கும் நடுவே உங்கள் பென் டிரைவ் மட்டும் போய் வரலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் மின்ட் பெட்டியில் செருகி, வேண்டிய படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபைல்களையும் ஃபான்ட்களையும் இன்னொரு டிஸ்க்கில் இன்றைக்கே காப்பி எடுத்து வையுங்கள், அந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் வயதாகிறது.

மயிலாப்பூர்: லினக்ஸில் உபுண்டு 16.04 வைத்திருக்கிறேன். நேராக 24.04க்குப் போக முடியுமா?

முடியாது. 18.04, 20.04, 22.04 என்று ஒவ்வொரு எல்டிஎஸ்ஸாக, அதாவது நீண்ட நாள் அப்டேட் வரும் பதிப்பாக, ஏற வேண்டும். நடுவில் வெளியிலிருந்து சேர்த்த ரெப்போ (மென்பொருள் இறக்கும் இடம்) ஏதாவது முரண்டு பிடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, 24.04-ஐப் புதிதாகவே போட்டுவிடுங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுங்கள். தண்டர்பேர்டு மெயில் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

குரோம்பேட்டை: அண்ணா, அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப். 2 ஜிபி ரேம், பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதையே புதுப்பிக்கலாமா?

பாஸ் நம் சென்னையில் உள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கில் உருவானது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஆனாலும் அவ்வளவு பழைய பதிப்பைப் புதுப்பிக்க மெனக்கெட வேண்டாம் தம்பி. ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸைப் போடு. பிராசசர் 32 பிட்டாக இருந்தாலும் அதற்கு ஒரு பதிப்பு உண்டு. 2025-ல் வந்த டெபியன் 13-லோ 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. டைப்பிங், பிடிஎஃப், பாட்டு எல்லாம் ஓடும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறத்தான் செய்யும், அதற்கு எந்த லினக்ஸிலும் மருந்து இல்லை.

வேளச்சேரி: ஆடிட்டர் ஆபீஸ். கணக்குக்கு டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். லினக்ஸுக்கு மாறலாமா?

விண்டோஸிலேயே இருங்கள் மேடம். 11 ஏறும் மெஷினாக ஒன்று வாங்குவதுதான் மலிவு.

அம்பத்தூர்: விண்டோஸை அழிக்காமல் மின்ட்டைப் பக்கத்தில் வைக்க முடியுமா?

முடியும். முதலில் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். பிறகு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வேகத் தொடக்க வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் அந்த டிரைவில் மின்ட்டால் எழுத முடியாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்கும் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தேர்வும் பக்கத்தில் நிறுவும் தேர்வும் ஒரே திரையில் அடுத்தடுத்து வரும், அந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்.