இந்த மாசம் கூடாரம் போடலாமா? வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் காட்பாடி. பெரியவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம், இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். வருஷத்துக்கு நாலைந்து ராத்திரியாவது மாமியார் உட்பட ஐந்து பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்து எழுந்து வருகிறோம். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டபடி இருந்ததால் எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: அக்கா, மே லீவு விட்டதும் பசங்க கேம்பிங் கேம்பிங்னு உயிரை எடுக்குறாங்க. செலவு இல்லாம எங்க கூட்டிட்டுப் போறது?

அக்னி நட்சத்திரத்தில் கீழே எங்கேயும் கூடாரம் போடாதீர்கள் அம்மா. நம்ம ஊர்ப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். நைலான் கூடாரத்துக்குள் குழந்தை வெந்துபோகும். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூர் 200 மீட்டர் சொச்சம். அதனால் மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் மே மாதம் ஊரே அங்கேதான் நிற்கிறது, அறை வாடகையும் ஏறிவிடுகிறது. போயே தீர வேண்டும் என்றால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

என்னைக் கேட்டால், மே மாதத்துக்கு மொட்டை மாடிதான் முகாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு குடம் தண்ணீர் அடித்து விடுங்கள், எட்டு மணிக்குக் கோரைப்பாய் விரியுங்கள். புளிசோறு, வறுத்த அப்பளம், ஒரு டார்ச். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் 'கேம்பிங்' அதுதான். கூடாரத்தைக் கட்டவும் மடிக்கவும் இருட்டில் பயப்படாமல் இருக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். நடுராத்திரி ஒருத்தன் அழுதாலும் படி இறங்கினால் வீடு.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்: ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. ஜவ்வாது மலைக் காட்டுக்குள்ள சனிக்கிழமை ராத்திரி டென்ட் போட்டுட்டு வந்துடலாம்னு நண்பர் சொல்றார். போலாமா?

போகாதீர்கள் தம்பி. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், தங்குவதும், தீ மூட்டுவதும் குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் அங்கே கரடி இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து காடு காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா? அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. இன்று முறையாக நடக்க வேண்டுமானால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போகலாம். ஏலகிரி சுவாமிமலைக்கும் அப்படி ஒரு பாதை உண்டு. தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

தங்குவதற்குப் பட்டா நிலம் தேடுங்கள். ஏலகிரியிலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் தோட்டக்காரர்கள் கேட்டால் இடம் கொடுக்கிறார்கள். நேரில் போய், குடும்பத்தோடு வருகிறோம், பாட்டுப் பெட்டி கிடையாது, குடி கிடையாது என்று சொல்லுங்கள். முகம் மலர்ந்துவிடும். நாங்கள் வழக்கமாகப் போகும் தோட்டத்தில் இடத்துக்கு ஒரு தொகை, காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தொகை தனியாகக் கொடுத்துவிடுவோம். அந்த அம்மா போடும் சாமைப் பொங்கலுக்காகவே என் சின்னவன் வருகிறான். அவர்கள் கிணறு, அவர்கள் கழிவறை, அவர்கள் நாய் காவல். இதைவிடப் பாதுகாப்பு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

ராணிப்பேட்டை: கூடாரம் வாங்கணும். எவ்வளவு ஆகும், என்ன பார்த்து வாங்கணும்?

நாலு பேர் கூடாரம் என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று படியுங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் மேலே தனியாக ஒரு மழைத்துணி வரவேண்டும், அது பக்கங்களில் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் உட்கார்ந்திருந்தால் வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது அப்படித்தான். 'வாட்டர்ப்ரூஃப்' என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஐப்பசியில் போட்டோம். போட்ட இடமும் என் தப்பு, பள்ளமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மாமியாரின் தலையணை மிதந்தது. நனைந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரர் வீட்டுத் திண்ணைக்கு ஓடினோம். அன்றிலிருந்து கூடாரம் போடுமுன் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் நான் முளை அடிப்பதில்லை.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கீழே விரிக்கத் தார்ப்பாய் (கூடாரத்தின் அடியைவிடச் சின்னதாக மடித்துப் போடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே விடும்), அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம்.

திருப்பத்தூர்: மார்கழி, தை குளிர்ல குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறது சரியா? சளி பிடிக்காதா?

எனக்குப் பிடித்த காலமே அதுதான். மழை ஓய்ந்திருக்கும், மலை பச்சையாக இருக்கும், ஜலகாம்பாறை, அமிர்தி அருவிகளில் தண்ணீர் இன்னும் இருக்கும். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், காணும் பொங்கலன்று எங்கேயும் கால் வைக்க இடம் இருக்காது.

குளிர் கீழிருந்துதான் ஏறும். மேலே மூன்று போர்வை போட்டும் நடுங்குகிறவர்கள் அடியில் ஒன்றும் விரிக்காதவர்கள். பாய்க்குக் கீழே பழைய செய்தித்தாளைக் கனமாகப் பரப்புங்கள். காதை மூடும் குல்லாயும் காலுறையும் போதும். குளிருதே என்று கூடாரத்தின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் நம் மூச்சுக்காற்றே துணியில் நீராகப் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். காற்றுக்கு ஒரு கை அகலம் விடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கணகணப்புக்காகக் கரி அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வாசலில் வைப்பதும் கூடாது.

வாணியம்பாடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: ஆன்ட்டி, காவலூர்ல டெலஸ்கோப் பார்க்க விடுவாங்களா? அங்கேயே கேம்ப் போடலாமா?

விடுவார்கள் கண்ணு. காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள், மேகம் இல்லாவிட்டால் ராத்திரி தொலைநோக்கியில் காட்டுவார்கள். அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை, மாசி பார்த்துப் போ. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்த இடம் அது. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது காவலூரிலிருந்தும் அதைக் கவனித்தார்கள். அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் வானியலாளர் வேணு பாப்பு பெயரை வைத்தார்கள். ஜவ்வாது மலையின் இருட்டையும் பார்த்துத்தான் அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நீ போகும்போது அந்த இருட்டைக் கெடுக்காதே. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள், கண்ணும் கூசாது.

வளாகத்துக்குள் கூடாரத்துக்கு இடமில்லை. ஆலங்காயத்திலோ ஜமுனாமரத்தூரிலோ தங்கிக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார். தொலைநோக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தம்பிக்குக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டு, எத்தனை எண்ணுகிறான் என்று கேள். ஆறு எண்ணினால் கண் நல்ல கண். என் மாமியார் எழுபது வயதில் ஐந்து எண்ணினார், அன்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்துவாச்சாரி: பெண்களுக்குக் கழிவறைதான் பெரிய பயம். வெளிப்படையாச் சொல்லுங்க.

இதைக் கேட்டதற்கு நன்றி. பல வீடுகளில் அம்மாக்கள் வரமாட்டேன் என்று சொல்வதற்குக் காரணமே இதுதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வந்து நீர்க்கடுப்போடு திரும்புவார்கள். கழிவறை இல்லாத இடத்துக்கு நான் குடும்பத்தைக் கூட்டிப் போவதே இல்லை. இடம் பேசும்போது முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன், தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, ராத்திரி விளக்கு உண்டா என்று. நாப்கினைத் தாளில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். மலையில் குப்பை வண்டி வராது.

ஆற்காடு: பாம்பு, தேள்?

செருப்பைத் தட்டிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், சோற்றுப் பருக்கையைச் சிந்தி வைக்காதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு. புறப்படுமுன்பே அருகில் எது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பேரணாம்பட்டு: ஏலகிரி வளைவுல என் பொண்ணு வாந்தி எடுக்குறா.

வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு துண்டு இஞ்சிமுரப்பா. முன் சீட்டில் உட்காரவைத்து, 14 வளைவுகளின் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். திருவள்ளுவர், கபிலர், ஔவையார், பாரி, காரி, ஓரி என்று புலவர்களும் கடையெழு வள்ளல்களும் வரிசையாக வருவார்கள். தூரத்தில் பலகையைத் தேடுகிற கண்ணுக்குத் தலை சுற்றுவது குறைகிறது. எங்கள் சின்னவன் பேகன் வளைவைத் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கத்துவான், "காத்து மாறிடுச்சும்மா!"