அரசு முடக்கமும் எச்-1பி நீட்டிப்பும்: தடை எங்கே இருக்கிறது?

2025 அமெரிக்க அரசு முடக்கத்தின்போது (நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசுப் பணிகள் நின்றபோது) உங்கள் எச்-1பி (அமெரிக்காவில் திறன்சார் வேலைக்கான விசா) நீட்டிப்பு மனுவை ஏன் அனுப்ப முடியவில்லை, உதவி கேட்டும் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் ஏன் பதில் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். குடியேற்றத் துறை திறந்திருந்தும் மனுவை அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம் தொழிலாளர் துறை. முன்னது விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குகிறது. மனுவுடன் இணைக்க வேண்டிய எல்சிஏவுக்கு (ஊதியம், பணிநிலை பற்றி முதலாளி உறுதியளிக்கும் விண்ணப்பம்) சான்றளிக்கும் பின்னதோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் நிதியை நம்பியிருப்பதால், 2025 அக்டோபர் 1 முதல் அதன் இணையவாசல் மூடிக் கிடந்தது. 2018-19 முடக்கத்தின் 35 நாட்களிலும் இந்தச் சிக்கல் வரவில்லை என்று உங்கள் நண்பர் சொன்னது சரிதான். அப்போது அத்துறைக்கான நிதி முன்பே நிறைவேறியிருந்தது.

இப்படி ஒரு முடக்கம் வந்தால், முதலில் உங்கள் எல்சிஏ அதற்கு முன்பே சான்று பெற்றுவிட்டதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பெற்றிருந்தால் முடக்கத்தின்போதும் மனுவை அனுப்பலாம்.

காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் பதில் தராததற்கு, ஊழியர் குறைவோடு, நீங்கள் கையெழுத்திட்ட தனியுரிமை ஒப்புதல் படிவத்தை அனுப்பாததும் காரணமாக இருக்கலாம். அது இல்லாமல் உங்கள் கோப்பைப் பற்றி எந்தத் துறையும் அவர்களிடம் பேசாது. ஆனால் மூடிய இணையவாசலை அவர்களாலும் திறக்க முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: மனு முடிவாகும்வரை தொடர்ந்து வேலை செய்ய உதவும் 240 நாள் வரையான அனுமதி, ஐ-94 (அமெரிக்காவில் தங்க அனுமதிக்கப்பட்ட நாளைக் காட்டும் பதிவு) காலாவதிக்கு முன் மனு சேர்ந்தால்தான் கிடைக்கும். முடக்கத்தால் நேர்ந்த தாமதத்தைக் குடியேற்றத் துறை மன்னிக்கலாம். அது அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது, உரிமையன்று.