செப்டிக் டேங்க்ல என்சைம் பவுடர் போட்டா லாரியே வேண்டாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் வீடு கட்டி நாலு வருஷம் ஆச்சு, அஞ்சு பேர் இருக்கோம். போன மாசம் லாரி வச்சு செப்டிக் டேங்க் எடுத்தோம், பத்தே நாள்ல மறுபடி நிரம்பிடுச்சு. லாரியில வந்தவரே ஒரு என்சைம் பவுடரைக் காட்டி, மாசம் ஒரு பாக்கெட் கக்கூஸ்ல கொட்டுங்க, எல்லாத்தையும் கரைச்சிடும், இனிமே லாரியே கூப்பிட வேண்டாம்ங்கறார். பாக்கெட் 650 ரூபா, ரெண்டு வாங்கிட்டேன். தொடர்ந்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. லாரி வச்சு பிழைக்கறவர் லாரியே வேண்டாம்னு சொல்றார்னா நீங்க அங்கயே உஷாராகியிருக்கணும். டீசல் இல்ல, ஆள் கூலி இல்ல, மாசாமாசம் 650, அவருக்கு எது லாபம்னு நீங்களே பாருங்க.

முதல்ல ஒண்ணு. உங்க டேங்க் பத்து நாள்ல நிரம்பினது கோளாறே இல்ல. செப்டிக் டேங்க் எப்பவும் தண்ணி நிறைஞ்சுதான் இருக்கும், அது கட்டினதே அப்படித்தான். அஞ்சு பேர், ஆளுக்கு 100 லிட்டர்னு குறைச்சலா வச்சாலும் ஒரு நாளைக்கு 500 லிட்டர், 3000 லிட்டர் டேங்க்னா ஆறே நாள்ல தண்ணி வெளிய போற குழாய் மட்டத்துக்கு வந்து நின்னுடும், அதுக்கப்புறம் உள்ள எவ்ளோ போகுதோ அவ்ளோ வெளிய சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குற குழிக்குப் போகணும். மூடியைத் திறந்து பாத்துட்டு "ஐயோ நிரம்பிடுச்சு"ன்னு பதறுற வீட்டுலதான் இந்த ஏஜென்ட்டுங்க பாக்கெட்டோட நுழையறாங்க.

சரி, இந்த என்சைம்னா என்ன? அதுக்கு உயிர் கிடையாது, குட்டி போடாது, பெருகாது. அது ஒரு புரதம், ஒரே ஒரு வேலையை வேகமா முடிச்சுக் குடுக்கும், அவ்ளோதான். ஒரு பிடி அவலை வாயில போட்டு முழுங்காம மென்னுகிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல லேசா இனிக்கும். எச்சில்ல இருக்கற அமைலேஸ்ங்கற என்சைம் மாவுச்சத்தை உடைச்சு சர்க்கரை ஆக்குது. அதே அமைலேஸை எண்ணெயில போட்டா ஒரு வருஷம் கிடந்தாலும் ஒண்ணும் நடக்காது, எண்ணெய்க்கு லைபேஸ்ங்கற வேற என்சைம் வேணும். கறி வேகலன்னா பப்பாளிக்காய் துண்டு போடுறோமே, அதுல இருக்கற பப்பைன்ங்கற என்சைம் கறியோட புரதத்தை அறுக்கும், அதிகமா போட்டு ஊற வச்சா கறி கொழகொழன்னு ஆயிடும், ஆனா நல்லா கொதி வந்துட்டா பப்பைன் உருக்குலைஞ்சு வேலையை நிறுத்திடும். இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவிதான்னு ஜெர்மன் வேதியியல் விஞ்ஞானி எமில் ஃபிஷர் 1894லயே சொல்லிட்டார், நம்மூர் ஏஜென்ட் மட்டும் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி விக்கறார்.

இப்ப உங்க டேங்குக்கு வாங்க. மலத்தோடவே கோடிக்கணக்குல பாக்டீரியா தினமும் உள்ள போகுது, அதுங்களே வேண்டிய என்சைமை எல்லாம் தானே சுரந்து செரிக்குது, அதுக்கு நீங்க காசு குடுக்கறதில்ல. ஒரு பாக்கெட்டை அதுல கொட்டறது ஏரியில ஒரு சொம்புத் தண்ணி ஊத்தற மாதிரி. அதோட அடியில தங்குற மண்ணு, முடி, நாப்கின், பிளாஸ்டிக் இதையெல்லாம் கரைக்கற என்சைம் அந்தப் பாக்கெட்ல இருக்கவே இருக்காது. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே வீட்டு டேங்குக்கு இந்த மாதிரி பவுடர் தேவையில்லன்னு எழுதி வச்சிருக்கு.

அவர் ஒரு டெமோ காட்டியிருப்பாரே? கண்ணாடி டம்ளர்ல தண்ணி, மேல எண்ணெய், ஒரு ஸ்பூன் பவுடர் போட்டு குலுக்குனா எண்ணெய் காணாம போயிடும். எங்கயும் போகலம்மா. பவுடர்ல சோப்பு மாதிரி ஒரு சாமான் கலந்திருக்கும், எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு பால் மாதிரி கலங்கி நிக்குது. என்சைம் பத்து செகண்ட்ல எண்ணெயைச் செரிக்காது. அடுத்த தடவை வந்தா அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இதுல எந்தெந்த என்சைம், எத்தனை யூனிட்? என்சைமை எடையில அளக்க மாட்டாங்க, வேலை செய்யற திறனை வச்சு யூனிட்லதான் சொல்லுவாங்க. பாக்கெட்ல அது இருக்காது, இலையும் பூமியும் பச்சை கலர்ல போட்டிருக்கும். இதை எந்த ஆபீஸ்ல கேட்கறதுன்னே தெரியல, நான் ஒரு தடவை மனு குடுத்துட்டு மூணு டேபிளுக்கு அலைஞ்சேன், எங்க செக்ஷன் இல்லன்னு மூணு பேரும் சொன்னாங்க.

என்சைம் எங்கயுமே உதவாதான்னா, துணி துவைக்கற பவுடர்ல நல்லா வேலை செய்யும். அழுக்கு பக்கத்துலயே இருக்கு, ஊற வைக்க நேரம் இருக்கு. அதுலயும் கொதிக்கற தண்ணி ஊத்தினா வீண். பட்டுப்புடவைக்கு மட்டும் கிட்டவே கொண்டு போகாதீங்க, பட்டு புரதம், கறையைத் தின்ற புரோட்டியேஸ், அதாவது புரதத்தை உடைக்கற என்சைம், புடவையையும் தின்னும். கல்யாணப் புடவையில குழம்பு கொட்டிச்சுன்னு என்சைம் பவுடர்ல ராத்திரி பூரா ஊற வச்சவங்க காலையில தேய்ச்சா பளபளப்பு போய் நூல் தொட்டா பிரியுற மாதிரி ஆயிருக்கும். கம்பளிக்கும் இதே கதைதான். பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், அதைப் படிச்சுட்டு ஊற வைங்க. புடவையை டிரை கிளீன் குடுத்துடுங்க.

நீங்க செய்ய வேண்டியது, நாலு வருஷத்துல ஒரு தடவை எடுத்தாச்சு, இனிமே ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி போதும். தண்ணி கக்கூஸ்ல எதுக்களிச்சு வந்தா மட்டும் கவலைப்படுங்க, அப்பவும் சந்தேகம் சோக் பிட் மேலதான். உங்க பக்கம் கரிசல் மண்ணு, மழை பேஞ்சா தண்ணியைக் குடிக்கவே குடிக்காது. வாஷிங் மெஷின் தண்ணியும் அதுல சேருதான்னு கொத்தனாரை வச்சு பாருங்க. எவனாவது உள்ள இறங்கி சுத்தம் பண்றேன்னு சொன்னா விடாதீங்க, உள்ள இருக்கற வாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்ச்சுடும், கையால மலம் அள்ளுறதைத் தடுக்கற 2013 சட்டப்படியும் குற்றம். லைசென்ஸ் உள்ள லாரி வேணும்னா 14420 நம்பருக்குப் போன் பண்ணுங்க.

வாங்கின ரெண்டு பாக்கெட்டை கக்கூஸ்லயே கொட்டிடுங்க, கெடுதல் ஒண்ணும் வராது. ஆனா அதே வாரத்துல ஆசிட் பாட்டில் பாட்டிலா ஊத்தி கழுவுறதை நிறுத்துங்க, டேங்குல ஓசியா வேலை பாக்கற பாக்டீரியாவை அதுதான் கொல்லுது.