மழைமானியும் ஈரப்பதன் உணரியும் தவறு காட்டினால் எப்படித் திருத்துவது?

மட்டக்களப்பு கல்லடியில் மாடியில் வைத்த வானிலைக் கருவி மழையைக் குறைத்துக் காட்டுகிறது, ஈரப்பதன் 90-ஐ விட்டு இறங்குவதேயில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழைமானியை மாரிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். முதலில் புனலைக் கழற்றுங்கள். என்னுடைய மானி குறைத்துக் காட்டியபோது உள்ளே இருந்தவை வேப்பம்பூவும் ஒரு சிலந்தியும்தான்! மானி மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் நீர். புனல் வாயின் விட்டம் 16 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 201 சதுர சென்ரிமீற்றர். 201 மில்லிலீற்றர் நீர் 10 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். மானியைச் சோதிக்க, அந்த அளவு நீரை அரை மணி நேரமாவது எடுத்துப் புனலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சேலைன் குழாய் இதற்கு அருமையாக உதவும். கடகடவென்று ஊற்றினால், உள்ளே நிரம்பிச் சாய்ந்து மழையை எண்ணும் சிறு வாளி சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. 10-க்குப் பதில் 9 மில்லிமீற்றர் காட்டினால் திருத்தக் காரணி 1.11; மானி காட்டும் அளவை இதால் பெருக்குங்கள்.

ஈரப்பதனுக்குக் கறியுப்பு போதும். ஒரு மூடியில் உப்பைச் சேறுபோல் நனைத்து, உணரியோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் ஓரிரவு வையுங்கள்; உப்பு உணரியில் படக்கூடாது. காலையில் 75 வீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் 5-ஐக் கழியுங்கள். ஆனால் வாவிக்கரையில் விடியற்காலை 90 என்பது உண்மையாகவே இருக்கலாம். நண்பகலிலும் இறங்காவிட்டால்தான் சந்தேகம்.

கருவி காட்டும் வளியமுக்கத்தையும் பார்ப்பதென்றால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு அளவோடு, காற்று அமைதியான நாளில், கடல்மட்டத்துக்கு மாற்றிய அளவாகவே ஒப்பிடுங்கள்.