சஹருக்கு என்ன சாப்பிடுவீங்க?

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரைப் பக்கம் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் நான். போன நோன்பு மாதத்தில் ஒரு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் அழைப்பார்கள்) மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு போடவே இல்லை. பெருநாள் கழித்துப் பார்த்தால் சுகர் 380. "ஏன் ராத்தா சொல்லல?" என்றதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது எங்களுக்குப் பண்பாட்டுப் புரிதல் என்று ஒரு பயிற்சி நடந்தது. எந்தச் சமூகத்தாருக்கு என்ன பழக்கம் என்று இரண்டு பக்கத் தாள் கொடுத்தார்கள். அதை மனப்பாடம் செய்தால் போதுமா? நான் வேறு சமூகத்துப் பெண். இன்னும் என்ன தெரிந்துகொண்டால் அவர்கள் என்னிடம் உண்மையைச் சொல்வார்கள்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாளைப் படியுங்கள், தப்பில்லை. ஆனால் ராத்தா வீட்டு வாசலில் அது உதவாது. என் உம்மா கதையைச் சொல்கிறேன்.

உம்மாவுக்குச் சர்க்கரை வந்த புதிதில் அவரைப் பார்த்த டாக்டர், "இந்த உடம்போட நோன்பெல்லாம் வைக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்தார். உம்மா "சரிங்க டாக்டர்" என்றார். வீட்டுக்கு வந்து நோன்பு பிடித்தார். காலை மாத்திரையை, விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹரிலேயே விழுங்கிக்கொண்டார். அஸர் எனும் மாலைத் தொழுகை நேரம், கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அடுப்படியிலேயே சரிந்தார். நினைவு தப்பாததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க முடிந்தது. இன்றும் அந்த ஈரக் கையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

அவருக்குக் கொடுத்திருந்தது கிளிபென்கிளமைடு. வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நம் பக்கம் நோன்பு 13, 14 மணி நேரம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி ஆகும் ஆபத்து மிகக் குறைவு. டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். உம்மா நோன்பு வைக்கப்போகிறார் என்பதுதான் தெரியாது. நோயாளி நோன்பை விடலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. அது உம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஊரே நோன்பிருக்கும்போது தான் மட்டும் பகலில் சோறு தின்ன அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நர்ஸம்மா வந்தார். நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். திண்ணையில் உட்கார்ந்து, "சஹருக்கு என்ன சாப்பிடுவீங்கம்மா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், உம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், அடுப்படியில் சரிந்தது உட்பட. நர்ஸம்மா அதை டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் மாத்திரையை மாற்றி, பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளினார். சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பை முறித்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உள்ளூர் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொன்ன பிறகுதான் உம்மா கையை நீட்டினார். அந்த நர்ஸம்மாவுக்கு நம் மார்க்கம் ஒன்றும் தெரியாது. கேட்கத் தெரிந்தது.

1998-ல் மெலனி டெர்வலான், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதையே எழுதினார்கள். அடுத்தவர் பண்பாட்டைப் பாடமாகப் படித்து முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், பணிவோடு கேட்டுக்கொண்டே இருங்கள் என்பது அவர்கள் வாதம். அந்தத் தாள் மேல் எனக்குள்ள பயமும் இதுதான். படித்து முடித்தவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

மதத்தோடு இது முடிவதும் இல்லை. பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா பிரஷர் மாத்திரையைக் கடலுக்குப் போகிற நாளில் மட்டும் போடமாட்டார். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிக்கும். விடிகாலையில் வள்ளம் ஏறினால் கரை திரும்பும் வரை ஆம்பளைகள் நடுவே அவர் எங்கே போவார்? எந்தத் தாளிலும் இது இருக்காது. வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாமே என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

ஏர்வாடியை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே தர்கா பக்கத்துக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். நம்பிக்கையோடு தர்காவுக்கு வந்த குடும்பங்களிடம் உட்கார்ந்து பேச அன்று மருத்துவத்தின் பக்கமிருந்து யார் இருந்தார்கள்?

2021-ல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய விஷயம். அதைக் கொண்டுவரும் உங்களுக்கு டாக்டருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: வாசல்படி. ராத்தா சிரித்தது உங்களை ஏமாற்ற இல்லை. நீங்கள் "ஏன் சொல்லல" என்று கேட்டபோது அவருக்குக் கூச்சமாகியிருக்கும்.

அடுத்த நோன்பு இந்த வருஷத்தைவிடப் பத்துப் பதினோரு நாள் முன்னாலேயே வரும். பிறை தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே ராத்தா வீட்டுக்குப் போங்கள். மாத்திரைப் பேச்சை முதலில் எடுக்க வேண்டாம். சஹருக்கு என்ன ஆக்குவீங்க என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அப்புறம் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.