புன்னை மரம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (தாழங்குடா): ஐயா, கடலோர மணல் நிலம். புன்னை வைக்கலாமா?

தாராளமாக. உப்புக்காற்று அதற்குப் பழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் சாய்ந்தது நினைவிருக்கும். காற்றைத் தடுக்கக் கிழக்கு வரப்பில் ஒரு வரிசை புன்னை நிற்கட்டும். பதினைந்து அடிக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். மெதுவாகத்தான் வளரும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எத்தனை வருஷத்தில் காசு பார்க்கலாம்?

காய்ப்புக்கே ஏழெட்டு வருஷம். காசு, கொட்டையை வாங்க ஆள் இருந்தால்தான். 'கொட்டையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லிக் கன்று விற்பவரை நம்பாதீர்கள். முதலில் செக்குக்காரரிடம் போய்க் கேளுங்கள்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): கொட்டை ஊன்றி ஒரு மாதம், முளையே காணோம்.

ஓட்டோடு ஊன்றியிருப்பீர்கள். அப்படியென்றால் இரண்டு மாதம்கூட ஆகும். பருப்பு நசுங்காமல் ஓட்டை உடைத்து எடுத்துவிட்டு ஊன்றினால் மூன்று வாரம், கொஞ்சம் கூடலாம்.

கேள்வி (லாஸ்பேட்டை): செக்கில் கொடுத்தோம். எண்ணெயே இறங்கவில்லை.

பருப்பு காயவில்லை, வேறொன்றுமில்லை. புதுக்கொட்டையை உடைத்துப் பாருங்கள், பருப்பு வெளிறிப்போய்க் கெட்டியாக இருக்கும், கையில் எண்ணெய்ப் பசையே ஒட்டாது. வாரக்கணக்கில் காய வேண்டும். காயக் காய நிறம் மாறிக் கரும்பழுப்பாகும், நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று ஒட்டும், ஒரு மாதிரி வாடை கிளம்பும். அதுதான் பக்குவம். நடுவில் ஒரு மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஆகவே ஐப்பசிக்கு முன்னால் வேலையை முடியுங்கள். நன்றாகக் காய்ந்த பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். கரும்பச்சையாக இறங்கும். பயப்படாதீர்கள், நிறமே அதுதான்.

கேள்வி (சிதம்பரம்): சமையலுக்கு ஆகுமா?

ஆகாது. விளக்குக்கும் சோப்புக்கும்தான். சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

கேள்வி (விருத்தாசலம்): மோட்டாரில் டீசலுக்குப் பதில் ஊற்றலாமாமே?

ஓடும். ஆனால் எண்ணெய் தடிமன், நாள்பட இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். முறையாக பயோடீசல், அதாவது டீசல் போல மெலிந்த எரிபொருள், ஆக்கலாம், அதிலும் ஒரு சிக்கல்: இந்த எண்ணெயில் அமிலம் அதிகம். நேரே காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கலந்தால் சோப்பாகிவிடும். முதலில் மெத்தனாலும் அமிலமும் சேர்த்து ஒரு சுற்று, அப்புறம்தான் காரம்.

கேள்வி (புதுச்சேரி): இப்படிப் பயமுறுத்தினால் யார் நடுவார்கள்? அரசே ஊக்குவித்த விஷயம்தானே?

ஊக்குவித்தார்கள், சரி. 2009-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பதாக இலக்கு வைத்தது. அது எட்டப்படவில்லை. அதற்கு முன்பே பயோடீசலுக்கென்று காட்டாமணக்கை ஊரெல்லாம் நட்டார்கள். விளைச்சல் சொன்னதில் பாதிகூட இல்லாமல் வெட்டிப் போட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் காட்டாமணக்கு போல இதையும் விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நடாதீர்கள் என்று எங்கே சொன்னேன்?

கேள்வி (அதே புதுச்சேரி): காட்டாமணக்கு வேறு, புன்னை வேறு.

மரம் வேறுதான். விற்கிற பேச்சு ஒன்றேதான்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): எத்தனை வருஷத்தில் காய்க்கும்?

மேலே இருக்கிறது.

கேள்வி (மரக்காணம்): மூட்டுவலிக்குத் தடவலாமா?

பழக்கம் உண்டு. வலி எதனால் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தடவுங்கள். புண்ணில் வேண்டாம்.

கேள்வி (பண்ருட்டி): கன்றோடு கொள்முதல் ஒப்பந்தமும் தருகிறார்கள், வாங்கலாமா?

நெல்லிக்குப்பத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஒப்பந்தம் வேண்டாம், கன்று மட்டும் போதும் என்று கேட்டுப் பாருங்கள். விலை எவ்வளவு இறங்குகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.